மில் அக்காவும் உண்ணாமலையின் டி.சி.யும்

ஓய்வு பெற்ற ஆசிரியையைத் தேடி யாராவது வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை வைக்கத்தான் வருவார்கள். என் இடத்தில் இப்போது ஆங்கிலம் நடத்தும் கவிதா போன வாரம் வந்தபோது நானும் பத்திரிகைக்காகத்தான் கையை நீட்டினேன். அவளோ கைப்பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"லைப்ரரி பீரோவுல இதே புக்கு நாப்பது இருக்கு மேடம். உள்ள பக்கத்துக்குப் பக்கம் பொண்ணுங்க பென்சில்ல சண்டை போட்டு வெச்சிருக்குதுங்க. முழு நாவலையும் நீங்க நடத்துனீங்களாமே, ஒருத்தரையும் விடாம? எப்டி மேடம்? எங்கிட்ட இருக்கற பசங்க ஃபோன்ல ஒரு நிமிஷத்துல சுருக்கத்தை எடுத்துடுதுங்க. அதையே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருக்குதுங்க."

"எப்டின்னா இன்னா சொல்றது? சண்டை போட்டுத்தான் நடத்துனேன்" என்றேன். அவள் விடவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் ஃபோனில் சுருக்கம் தேடுவீர்கள், உங்களையும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைமுறையாகப் படிக்கிற பழைய நாவல் என்பது போதும். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு மாவு மில். மில்காரர் இறந்துபோக, பெரிய மகள் மில்லை எடுத்து நடத்துகிறாள். தங்கைக்கு நகரத்தில் படிக்க இடம் கிடைத்ததாக ஒரு கடிதம் வருகிறது. அக்கா அதைப் பிரித்துப் படித்துவிட்டு, தங்கையிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள். முந்நூறு பக்கமும் அந்த ஒரு கடிதத்தைச் சுற்றித்தான். அக்கா, தங்கையின் பெயர்கள் எங்கள் பெண்களின் வாயில் நுழையவில்லை. மில் அக்கா, மில் தங்கச்சி என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. வீட்டில் உருது, தெருவில் தமிழ், வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம். அப்பா மெத்தை தைத்து என்னைப் படிக்க வைத்தார். வேலூரில் பி.எட்., கீழ்பென்னாத்தூரில் முதல் வேலை, பிறகு திருவண்ணாமலை டவுனில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நூர் மிஸ் என்றால் வராண்டாவே அமைதியாகிவிடும் என்று பெயர் வாங்கியிருந்தேன். வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி.

அந்த நாற்பது புத்தகங்கள் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கின. கிரிவலப் பாதையில் பல வருடங்கள் வாடகை வீட்டில் இருந்த ஒரு அமெரிக்க அம்மாள் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவர் தம் ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், இதே நாவலை வருடா வருடம் நடத்தியவர். எங்கள் தலைமை ஆசிரியை திலகவதி மேடம் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஒரே புத்தகம் நாப்பதா? வேற வேற குடுத்திருந்தா லைப்ரரிக்காவது ஆகும்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தார். நாற்பது பேரும் ஒரே புத்தகத்தைப் படித்தால்தான் சண்டை வரும், சண்டை வந்தால்தான் அது வகுப்பு என்றார். போகும்போது என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்: "கதையில் என்ன நடந்தது என்று கேட்காதே. யார் செய்தது தப்பு என்று கேள். கேட்டுவிட்டு நீ வாயை மூடிக்கொள்." நான் வாயை மூடுவதா? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திலகவதி மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்பார். பிறகு, "சரி, அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். எதிரே நிற்பவர் சொல்ல நினைக்காததையெல்லாம் உளறிக் கொட்டிவிட்டு வியர்வையோடு வெளியே வருவார். வகுப்பைப் பார்வையிடச் சொல்லாமல் வருவார். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, வாட்சைக் கழற்றி டெஸ்கில் வைப்பார். மணி அடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். வாட்சைத் திரும்பக் கட்டும்போது எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

நாவலைப் பதினோராம் வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை நடத்த அனுமதி கேட்டேன். "சரி, அப்புறம்?" என்றார். ரிசல்ட் குறையாது என்று நானாகவே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதை நடத்தினாலும் நோட்ஸ் கொடுக்காமல் கை அடங்காது. நாவலுக்கும் நோட்ஸ் எழுதினேன். மில் அக்காவின் குணநலன், மூன்று மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, ஐந்து மதிப்பெண்ணுக்கு அவ்வளவு. மூன்று மதிப்பெண் பதிலின் அடியில், "ஐந்து மதிப்பெண் வினாவாக இருந்தால் கீழே உள்ள வரிகளையும் சேர்த்து எழுதவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் வைத்தேன். காலாண்டில் நாவலிலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். நல்ல பெண்கள் எல்லோரும் என் பதிலை அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் அந்தக் குறிப்பையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்! மில் அக்கா உழைப்பாளி, மில் அக்கா தைரியசாலி, ஐந்து மதிப்பெண் வினாவாக இருந்தால் கீழே உள்ள வரிகளையும் சேர்த்து எழுதவும். ஆசிரியர் அறையில் சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய்தான் அழுகை வந்தது. முந்நூறு பக்கத்தை ஒரு பக்கமாக்கி அவர்கள் தொண்டையில் திணித்தது யார்? நான்தானே!

அதே காலாண்டில் பன்னிரண்டு பேர் ஆங்கிலத்தில் ஃபெயில். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி வெறும் தாளைக் கொடுத்திருந்தாள். பெயர் உண்ணாமலை. அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருப்பவரின் மகள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் கட்டாயம் லீவு. வகுப்பில் எழுப்பிக் கேட்டால் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

திலகவதி மேடம் கூப்பிட்டார். பன்னிரண்டு பேரையும் நாவல் வகுப்பிலிருந்து எடுத்து, மினிமம் மெட்டீரியல் கொடுத்துத் தனியாக உட்கார வைக்கச் சொன்னார். மினிமம் மெட்டீரியல் என்றால், எதை மனப்பாடம் செய்தால் முப்பத்தைந்து வருமோ அதை மட்டும் அச்சடித்த சில பக்கங்கள். அதையே வருடம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்.

"முடியாது மேடம்" என்றேன்.

"சரி, அப்புறம்?"

"அரையாண்டுக்குள்ள பன்னெண்டு பேரையும் பாஸ் பண்ண வெக்கறேன். நாவலை வெச்சே. ஒருத்தி ஃபெயிலானாலும் புக்கையெல்லாம் பீரோவுல போட்டுப் பூட்டி சாவியை உங்ககிட்ட குடுத்துடறேன்."

"சாவி எனக்கு எதுக்கு? ஃபெயிலாகற பொண்ணை நான் வெச்சிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் அது பப்ளிக் எழுதினா ஸ்கூல் ரிசல்ட்டே போயிடும். டி.சி. குடுத்து அனுப்பிடுவேன். பாத்துக்குங்க."

டி.சி. என்பது மாற்றுச் சான்றிதழ். அதைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பெண் இந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் இல்லை. வருடத்தின் நடுவில் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? நான் வீறாப்பாகப் போட்ட பந்தயத்தில் பணயம் வைக்கப்பட்டது என் சாவியில்லை, ஒரு பெண்ணின் படிப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த மாதப் பௌர்ணமியன்று மதியமே கடைகளைப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். உண்ணாமலையின் அப்பாவைப் பார்த்துப் பேசலாம் என்று அடி அண்ணாமலைக்கு ஆட்டோவில் போனேன். கடையை நெருங்கும்போதே ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் யாரையோ வறுத்தெடுப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆறடி உயர வெள்ளைக்காரர் ஒருவர் ஷூவோடு நந்தி மேடையில் ஏறி நின்று படம் எடுத்திருக்கிறார். கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு உண்ணாமலை.

"சார்! கம் டவுன்! திஸ் நந்தி, நாட் ஸ்டூல்! யுவர் மதர் ஹவுஸ், ஐ கம் வித் செருப்பு, யூ லைக்?"

அவர் இறங்கி, ஷூவைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்பும் கேட்டார். இவள் மன்னித்து, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், இந்நேரம் கிளம்பினால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம், ஆனால் வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தால் கொப்புளம் வரும், மண் ஓரமாகப் போ என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். இலக்கணம் தலைகீழாகத்தான் கிடந்தது. ஆனால் அவருக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! நான்கு மாதமாக இவளுக்கு ஆங்கிலமே வராது என்று எழுதி வைத்திருந்தேனே!

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மிஸ், அவரு நந்தி மேல நின்னாரு மிஸ், அதான்..."

"அடிப்பாவி, கிளாஸ்ல ஏன்டி வாயே தொறக்கல?"

"அது வேற இங்கிலீஷ் மிஸ். அது எழுதற இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்தைப் பாத்தாலே கண்ணைக் கட்டுது. இது சும்மா கடைப் பேச்சு."

அவள் அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு பண்ணிட்டாளா டீச்சரம்மா?" என்றார்.

"தப்பு பண்ணது நானுங்க" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் என் நோட்ஸையெல்லாம் வாங்கி மேஜைக்கு அடியில் போட்டேன். பெண்கள் பதறிப்போனார்கள். பரீட்சைக்கு எதைப் படிப்பது? "ஒரு கேள்விதான்" என்றேன். "மில் அக்கா லெட்டரை ஒளிச்சு வெச்சது தப்பா இல்லையா? இங்கிலீஷ்ல சொல்லணும். எந்த இங்கிலீஷா இருந்தாலும் சரி, கடை இங்கிலீஷ்கூட ஓகே." சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அந்தப் பத்து நிமிடம் பேசாமல் நின்றதுதான்.

பிறகு உண்ணாமலை எழுந்தாள். மில் அக்கா பக்கம் பேசினாள். தங்கச்சி போய்விட்டால் மில் யார் பார்ப்பார்கள், தனியாக இருக்க அக்காவுக்குப் பயம், பயப்படுகிறவளைக் கெட்டவள் என்று சொல்லக்கூடாது என்றாள். உடனே முதல் பெஞ்சிலிருந்து எதிர்ப்பு. மணி அடித்தபோது நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில். பக்கத்து வகுப்புக் கணக்கு மிஸ் ஓடி வந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். ஒவ்வொரு வகுப்பிலும் உண்ணாமலை பேசுவதை அவள் பக்கத்துப் பெண் அப்படியே எழுதிக்கொள்வாள். எழுதியதை உண்ணாமலை அன்றே வாசிக்க வேண்டும். சொந்தமாகச் சொன்ன வாக்கியமாச்சே, அடுத்து என்ன வார்த்தை வரும் என்று அவளுக்கே தெரியும். எழுத்து அவளைப் பார்த்து முறைப்பதை நிறுத்தியது. பிறகு அவளே அதைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு நாவலில் தன் கட்சிக்கு ஆதாரம் தேட வேண்டும். எதிர்க்கட்சியை மடக்குவதற்காகவே பக்கம் பக்கமாகத் தடவித் தடவிப் படித்தாள். மற்ற பதினொரு பேரும் அவளைப் பார்த்து அதே வழியில் வந்தார்கள்.

அரையாண்டு வந்தது. பதினொரு பேர் பாஸ். உண்ணாமலை முப்பத்திரண்டு. மூன்றே மதிப்பெண் குறைவு!

தாளைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு ஓடினேன். வெறும் தாளிலிருந்து முப்பத்திரண்டுக்கு வந்திருக்கிறாள் மேடம் என்று மன்றாடினேன். அவர் முழுதாகக் கேட்டார். மாவட்டக் கூட்டத்தில் ரிசல்ட் குறைந்த பள்ளியின் தலைமை ஆசிரியரை எழுப்பி நிற்க வைப்பதை, போன வருடம் தாம் நின்றதை, அன்று முதன்முறையாக என்னிடம் சொன்னார். ஆனால் அதற்குள்ளேயே உண்ணாமலையின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி, குடும்பச் சூழ்நிலையால் டி.சி. வேண்டும் என்று அவர் கேட்பதுபோல ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. டி.சி. எழுதி மேஜை டிராயரில் தயாராக இருந்தது. வார முடிவில் கொடுப்பதாக ஏற்பாடு. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை நாவலின் கடைசி அத்தியாயம். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடத்தில் திலகவதி மேடம் உள்ளே வந்தார். கடைசி பெஞ்ச், ஓரம், வாட்ச் டெஸ்கில். வழக்கம்போல, "மில் அக்கா இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டு ஜன்னலோரம் போனேன்.

உண்ணாமலை எழுந்தாள். மூன்று மாதமாக மில் அக்காவுக்காக வாதாடியவள் அன்று கட்சி மாறினாள்.

"அக்கா ஃபியர், ஓகே. ஐ நோ. பட் லெட்டர் நாட் ஹெர் லெட்டர். நேம் ஆன் லெட்டர் இஸ் தங்கச்சி நேம். ஷி மஸ்ட் கிவ். ஷி மஸ்ட் ஆஸ்க் தங்கச்சி, யூ வான்ட் கோ ஆர் யூ வான்ட் ஸ்டே?"

சொல்லிவிட்டு மெதுவாகக் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

"மேடம், யுவர் டேபிள் ஒன் பேப்பர். மை நேம் ஆன் இட். மை ஃபாதர் சைன். நோபடி ஆஸ்க் மீ. ஐ வான்ட் ஸ்டே."

அல்லாவே! நான் சொல்லிக் கொடுத்தேன் என்று பின்னால் ஊரெல்லாம் பேசினார்கள். சத்தியமாக இல்லை.

மணி அடிக்கும்வரை பேசாதவர் அன்று பேசினார். பழக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது.

"சரி, அப்புறம்?"

பெரிய பெரிய ஆட்களையெல்லாம் உளற வைத்த கேள்வி. உண்ணாமலை உளறவில்லை. "அப்புறம் யூ ஒன்லி சே, மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

திலகவதி மேடம் வாட்சைக் கட்டினார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எங்கேயும் பார்க்கவில்லை. நேராக எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை உண்ணாமலையையும் அவள் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டார். டி.சி. புத்தகம் விரித்து வைத்திருந்தது. அதில் ஒரு தாளைக்கூடக் கிழித்துப்போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அடிக்கட்டை உண்டு. தாளிலும் அடிக்கட்டையிலும் குறுக்கே இரண்டு கோடு போட்டார். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதினார். தம் பச்சை மையால் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தினார். பிறகு புத்தகத்தை உண்ணாமலை பக்கம் திருப்பினார்.

"என்ன எழுதியிருக்கேன், படி."

உண்ணாமலை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் போனாள். "கேன்... கேன்சல்டு."

அவள் அப்பா என்னைப் பார்த்து, "அப்டின்னா இன்னாங்க?" என்று கேட்டார்.

"உம் பொண்ணு இங்கேயே படிக்கும்னு அர்த்தம்பா" என்று திலகவதி மேடமே சொன்னார். பிறகு அவளிடம், "அடுத்த வருஷம் நீ ஃபெயிலானா கூட்டத்துல நான்தான் எழுந்து நிக்கணும். எனக்கு முட்டி வலி. என்னை நிக்க வெச்சுடாதே" என்றார். உண்ணாமலை பெரிதாகத் தலையாட்டினாள். நான் வெளியே வந்து வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாணவிகள் பார்த்தார்கள், பார்க்கட்டுமே.

அடுத்த வருடம் பிளஸ் டூ பப்ளிக்கில் என் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒருத்திகூட ஃபெயில் இல்லை. ஒருத்திகூட! மக்கன் பேடா வாங்கி ஆபீஸிலிருந்து வாட்ச்மேன்வரை என் கையாலேயே கொடுத்தேன். நாவலால் ரிசல்ட் கெடும் என்று ஆசிரியர் அறையில் பேசினவர்களுக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தேன். திலகவதி மேடம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவை மீட்டிங்கில உக்காந்தே இருந்தேன்" என்றார்.

உண்ணாமலை அறுபத்தொன்று எடுத்திருந்தாள். அவள் எழுதியதை என் கண்ணால் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்று தோன்றியது. அவளையே கூட்டிக்கொண்டு போய் ஆங்கில விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போட வைத்தேன். ஆபீஸ் கிளார்க், "மறுகூட்டலா மேடம், மறுமதிப்பீடா?" என்றார்.

"ரெண்டும் இல்லப்பா. படிக்கறதுக்கு."

நகல் வந்தது. கட்டுரைப் பகுதிக்கு வந்தேன். மனப்பாடம் செய்த பதில் எதுவும் அங்கே இல்லை. அரைப்பக்கத்துக்கு அவளாகவே எழுதியிருந்தாள். திருத்தியவர் ஐந்து இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார், மதிப்பெண்ணும் தாராளமாகப் போட்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பப்ளிக் தாள் திருத்தியவள் நான். ஆசிரியர் கூறுவது யாதெனில், பாடத்தின் மையக்கருத்து யாதெனில் என்று தொடங்கிய பதில்களை மலை மலையாகப் பார்த்திருக்கிறேன். உண்ணாமலையின் கட்டுரை, "ஐ திங்க்" என்று தொடங்கியிருந்தது.